நீலமலைக்கு வந்த வெள்ளைச் சொற்கள்

குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலை மூட்டைகளின் மேல் தோட்டத்தின் பெயரோடு இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். பி.ஓ.பி. என்றால் புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ, பி.பி. என்றால் புரோக்கன் பீக்கோ, பி.டி. என்றால் பீக்கோ டஸ்ட். 1963 முதல் ஏலம் நடந்துவரும் ஊரில் இந்தப் 'பீக்கோ' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கில அகராதியில் இருக்கிறது, ஆகவே ஆங்கிலச் சொல். ஆனால் ஆங்கிலேயர் அதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலையோடு சேர்த்து இறக்குமதி செய்தார்கள். சீனத்தின் தென்கிழக்குக் கரையில் அமாய் துறைமுகத்தைச் சுற்றிப் பேசப்பட்ட மொழியில் 'பெக்' என்பது வெள்ளை, 'ஹோ' என்பது மென்மயிர். விரியாத தேயிலை அரும்பின் மேல் படர்ந்திருக்கும் வெண்ணிறப் பூமயிரைக் குறித்த சொல் அது. அந்த மயிர் உதிராமல் பதமாகச் செய்த உயர்ரகத் தேயிலைக்கு அது பெயராயிற்று. பிறகு உயர்ரகம் என்ற பொருளும் தேய்ந்து, சல்லடைக் கண்ணின் அளவைக் குறிப்பதாக மிஞ்சியது. இன்று நீலகிரியில் ஆகும் தேயிலையில் பெரும்பகுதி சி.டி.சி. இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய கருங்குருணை. அதில் வெள்ளையும் கிடையாது, மயிரும் கிடையாது. பீக்கோ டஸ்ட் என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'வெண்மயிர்த் தூள்' என்று வரும். டீக்கடைப் பாய்லர் பக்கத்து டப்பாவில் கறுப்பாகக் கிடக்கும் தூளுக்கு இப்படியொரு பரம்பரை.

இது தேயிலை வணிகத்தின் வினோதம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஆங்கிலத்தில் வெள்ளையிலிருந்து கிளைத்த சொற்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் பீக்கோவுக்கு நேர்ந்தது பலவற்றுக்கும் நேர்ந்திருக்கிறது. செம்பழுப்புக் கூந்தலைக் குறிக்கும் 'ஆபர்ன்' என்ற சொல் 'வெண்மை சார்ந்த' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததும் 'பிரவுன்' என்ற சொல்லின் ஓசை அதில் ஒட்டிக்கொள்ள, நிறமே மாறிப்போனது. தேர்தலில் நிற்பவரைக் குறிக்கும் 'கேண்டிடேட்', ரோமில் பதவி கேட்டுப் போகிறவர் சுண்ணத்தூளால் வெளுத்து உடுத்திய மேலங்கியிலிருந்து வந்தது. (நம் ஊர் வேட்பாளர்கள் லத்தீன் படிக்காமலேயே அந்த உடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.) 'ஆல்பம்' ரோமானியர் பொது அறிவிப்புகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகை. 'பிளாங்கெட்' சாயம் ஏற்றாத வெள்ளைக் கம்பளித் துணி. 'பிளாங்க்' முதலில் ஒளிர்வது, பிறகு வெள்ளையானது, அதன்பின் எழுதப்படாத தாள், கடைசியில் ஒன்றுமே இல்லாத இடம். இந்தச் சொற்களில் நிறம் வெகுசீக்கிரம் கழன்று விழுந்துவிடுகிறது. கழன்ற இடத்தில் நிற்பது ஒரு மதிப்பீடு: இதன்மேல் இன்னும் யாரும் கைவைக்கவில்லை, சாயம் ஏறவில்லை, எழுத்து விழவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொற்கள் நீலகிரிக்கு மலையேறி வந்தபோது நிறத்தைக் கீழேயே விட்டுவிட்டு இந்த மதிப்பீட்டை மட்டும் சுமந்து வந்தன என்பதும், கைபடாதது என்று அவை பெயர் சூட்டியவற்றில் ஏற்கெனவே பலருடைய கை பட்டிருந்தது என்பதும் என் வாதம்.

துணியிலிருந்து தொடங்கலாம். தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியைப் பற்றி எழுதிய ஐரோப்பியர் அதை மேலங்கி, போர்வை என்று பலவாறாகச் சொன்னார்கள். போர்வை என்ற இடத்தில் வந்தது 'பிளாங்கெட்'. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது, பூத்துக்குளியின் அடித்துணி வெளுத்த முரட்டுப் பருத்தி. ஆனால் அந்தத் துணியைத் தோடர்கள் நெய்வதில்லை, வெளியிலிருந்து வாங்குகிறார்கள். வாங்கிய வெள்ளைத் துணி பூத்துக்குளி ஆவது தோடப் பெண்கள் அதன் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த பிறகே. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது அந்தப் பூவேலைதான். இறந்தவரைப் பூத்துக்குளியில் பொதிந்தே அனுப்புகிறார்கள், ஆகவே ஒரு தோடருக்குக் கடைசி உடையும் அதுவே. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தோடரில் மிகத் தூய்மையானவராகக் கருதப்பட்டவர் பெரிய பால்மனையின் பூசகரான பாலோல். அவர் உடுத்தியது வெள்ளையல்ல. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் விவரிப்பது கருஞ்சாம்பல் நிறத்து முரட்டுத் துணியை. வெள்ளை என்றால் தூய்மை, தூய்மை என்றால் வெள்ளை என்று பாதிரிகளும் சமவெளிக்காரர்களும் கொண்டுவந்த சமன்பாடு இந்த மலையின் மிகப் பழைய குடிகளிடம் அப்படியே செல்லுபடியாகவில்லை.

பிளாங்கெட் ஒரு துணிக்குத் தவறான பெயர் வைத்ததோடு போயிற்று. அதன் உடன்பிறப்பான 'பிளாங்க்' செய்த காரியம் ஏக்கர் கணக்கில் அளக்க வேண்டியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிக் கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் வீடு கட்டினார். சில ஆண்டுகளில் உதகையில் கல் பங்களா எழுந்தது. தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து அவர் நிலம் வாங்கினார் என்று பரவலாகச் சொல்வார்கள். அந்த ஒரு ரூபாயை அற்ப விலை என்று கண்டிப்பது வழக்கம், கண்டிக்க வேண்டியதும்தான். ஆனால் அதற்குள் ஒரு ஒப்புதலும் இருக்கிறது. யாருடையதும் அல்லாத நிலத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. சல்லிவன் அதை எழுத்திலும் வாதாடினார்: மலை நிலம் தோடருடையது, படகர்கள் அவர்களுக்குக் 'கூடு' என்ற தானியப் பங்கு அளந்து வருவதே அதற்குச் சான்று, அரசு நிலம் எடுத்தால் நட்டஈடு தர வேண்டும். சென்னை அரசில் இதை எதிர்த்தவர்கள் வலுவாக இருந்தார்கள், கவர்னர் லஷிங்டன் அவர்களில் முதன்மையானவர். வழக்கு கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் வரை போய்த் திரும்பியபோது தோடருக்கு மேய்ச்சல் உரிமை மட்டும் மிஞ்சியது, நிலவுடைமை போயிற்று. தோடர் குடியிருப்புகளான மந்துகளைச் சுற்றிக் குறிப்பிட்ட அளவு நிலம் அளந்து ஒதுக்கப்பட்டது. மேய்க்கிறவன் நிலத்தின்மேல் எதையும் எழுதுவதில்லை என்பது அந்தத் தீர்ப்புக்கு அடியில் கிடந்த எண்ணம். எருமைத் தடம், கோடையில் வைக்கும் தீ, பருவத்துக்குப் பருவம் மாறும் மந்து எல்லாம் எழுத்தாகக் கணக்கில் சேரவில்லை.

படகரின் பயிர்முறைக்கும் இதே கதிதான். ஒரு குடும்பம் பட்டாவில் உள்ள நிலத்தைப்போலப் பல மடங்கு நிலத்தைச் சுற்றுமுறையில் பயிரிடும். சாமையோ கிழங்கோ ஓரிரு வருடம் எடுத்துவிட்டு, மண் தேறும்வரை வருடக்கணக்கில் சும்மா விடும். பர்த்தி என்று வருவாய்த் துறை பதிந்த முறை இது. ஓய்வில் இருக்கும் நிலத்தை அளக்க வந்த அதிகாரி பார்த்தால் அது தரிசு. உழைக்கிற நிலமும் தூங்குகிற நிலமும் ஒரே உழவனுடையவை என்பது அளவைச் சங்கிலிக்குத் தெரியாது. 1861இல் வைசிராய் கானிங் ஆட்சியில் தரிசு நிலங்களை முழு உரிமையோடு விற்கும் தீர்மானம் வந்தது. 1863இல் தரிசின்மேல் உரிமை கோருவோருக்கான 23ஆம் சட்டம் வந்தது. அதே பத்தாண்டில் பர்த்தி முறை ஒழிக்கப்பட்டது. அந்த வருடங்களை ஒட்டித்தான் தாய்சோலை, டன்சாண்டில் போன்ற எஸ்டேட்டுகள் எழுந்தன. நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டங்களுக்குச் சீனக் கைதிகள் கொண்டுவரப்பட்டதும் அப்போதுதான். தாய்சோலையில் ஒரு பகுதிக்கு இன்னமும் 'ஜெயில் தோட்டம்' என்று பெயர் வழங்குகிறது. காபிக்கும் தேயிலைக்கும் நிலம் தேவைப்பட்ட காலத்தில் மலையில் தரிசும் தட்டுப்பாடின்றிக் கிடைத்தது தற்செயல் அல்ல.

சட்டத்தில் இருந்த சொல் 'வேஸ்ட்', அது வெறுமையைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வேரிலிருந்து வருகிறது, வெள்ளைக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். வேர் வேறுதான். ஆனால் வருவாய்த் துறை வேஸ்ட் என்ற அதே காலத்தை ஒட்டி வனத்துறை தன் பங்குக்குப் பிளாங்க் என்றது. வனத்துறையின் வேலைத்திட்டங்களில் மரமில்லாத புல்மேட்டுக்கு 'கிராஸி பிளாங்க்' என்று பெயர். காட்டின் பதிவேட்டில் மரம் எழுத்து, புல் எழுத்தில்லாத தாள். வெற்றுத்தாளைக் கண்டால் நிரப்பத் தோன்றும். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் (வாட்டில்) முன்னமே வந்திருந்தது, 1843இல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்தது. சோலைக்காடுகளை விறகுக்கு வெட்டித் தீர்த்த பிறகு, விறகுக்காகவே புல்மேடுகளில் இவ்விரண்டையும் நட்டார்கள். எஞ்சியவற்றில் பெயர்பெற்றது ஊட்டிக்கு மேற்கே விரியும் வென்லாக் டவுன்ஸ். 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. அவருடைய பட்டத்துக்குரிய இங்கிலாந்து ஊரின் பெயரில் முதல் பாதி 'வெண்ணிலம்' என்று பொருள்படும் பழைய கெல்ட்டியச் சொல், அங்குள்ள சுண்ணாம்புப் பாறையால் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அது சரியானால், வெறுமை என்று எழுதப்பட்ட மேட்டின் தலையிலேயே ஒரு வெள்ளை உட்கார்ந்திருக்கிறது.

வனத்துறையின் சார்பில் பேசக்கூடியவர் சொல்வது இது: பிளாங்க் என்பது தொழில்முறைக் குறிச்சொல், மரமில்லா இடம் என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. மேலும் அந்தப் புல்வெளிகளே இயற்கையானவை அல்ல, தோடர்கள் தீவைத்துக் காட்டை அழித்து உண்டாக்கியவை, ஆகவே மீண்டும் மரம் நடுவது திருத்தமே. இரண்டாவது வாதத்துக்கு மண்ணே பதில் சொல்லியிருக்கிறது. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் கார்பன் ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். புல்லும் மரமும் கார்பனை ஒரே வகையில் எடுப்பதில்லை, அதனால் அந்தந்தக் காலத்தில் எது மேலோங்கியிருந்தது என்பதை மட்கிய மண்ணிலிருந்து படிக்க முடியும். 20,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் புல்வெளி இந்த மலையில் இருந்திருக்கிறது. பருவநிலை வறண்டபோது விரிந்தது, ஈரம் கூடியபோது சுருங்கியது. பனியுகத்தின் உச்சத்தில் இங்கே தீவைத்துக் காட்டை அழிக்கத் தோடர்கள் இல்லை. முதல் வாதத்தில் உண்மை உண்டு: பிளாங்க் வெறும் குறிச்சொல்தான். அதனால்தான் அது அத்தனை வேலை செய்தது. ஓர் அதிகாரியின் சொந்த அபிப்பிராயமாக இருந்திருந்தால் அடுத்து வந்தவர் மாற்றியிருப்பார். பட்டியலின் ஒரு பத்தியில் தலைப்பாக உட்கார்ந்துவிட்டதால் யாரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

சொல்லாராய்ச்சிக்காரர்கள் எழுப்பும் ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. ஒரு சொல்லின் வேரில் இருந்த பொருள் அதைப் பேசுகிறவன் மனத்தில் இருப்பதாகக் கொள்ள முடியாது. பிளாங்கெட் போர்த்தித் தூங்கிய சிப்பாய் பிரெஞ்சு வெள்ளையை நினைத்திருக்க மாட்டான், பீக்கோ தரம்பிரித்த டீமேக்கருக்குச் சீன மயிர் தெரியாது. முற்றிலும் சரி. வேர்ச்சொல் யாரையும் பிடரியைப் பிடித்துத் தள்ளுவதில்லை. நான் சொல்வது வேறு. குறி விழாததை வெள்ளை என்று அழைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் துணியையும் தாளையும் பார்த்து உண்டானது. அங்கே அது பொருத்தமாகவே இருந்தது, ஏனென்றால் சாயம் ஏறாத கம்பளியும் எழுதாத தாளும் உண்மையிலேயே யாரும் கைவைக்காதவை. அதே பழக்கத்தை நிலத்துக்கு நீட்டியபோது அது பொய்யாயிற்று. அந்த நீட்டலை நாம் வேர்ச்சொல் அகராதியில் தேட வேண்டியதில்லை. அளவைக் குறிப்புகளிலும் தரிசு நிலச் சட்டத்திலும் நடவுப் பட்டியல்களிலும் அது திறந்தே கிடக்கிறது. அகராதி செய்வதெல்லாம், இத்தனை இடங்களில் ஏன் ஒரே சொற்குடும்பம் கைக்கு எட்டியது என்று காட்டுவதுதான்.

எல்லா வெள்ளைச் சொற்களும் இந்த வாதத்துக்கு அடங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கோதுமையைக் குறிக்கும் 'வீட்' பழைய ஆங்கிலத்தில் வெள்ளையோடு நேர் உறவுள்ள சொல், மாவின் நிறத்தால் வந்த பெயர். அதில் மதிப்பீடு ஏதும் இல்லை, நிறம் மட்டும்தான். நீலகிரியில் பயிரான சம்பா கோதுமையின் மணி சற்றே செந்நிறமானது. ஆனாலும் அரைத்தால் மாவின் வெண்மை தெரியத்தான் செய்யும். 'பிளீச்' என்ற சொல்லும் அடங்காதது. வெளுத்தலைக் குறிக்கும் அதுவும் கறுப்பைக் குறிக்கும் 'பிளாக்'கும் எரிதல், ஒளிர்தல் என்ற ஒரே மூலத்துக்குப் போகின்றன என்பது அறிஞர்கள் பலரும் ஏற்பது. ஒன்று தீயின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டது, மற்றது கரியை. மார்கழி, தை மாதங்களில் குந்தா பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. விடியலில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் கொழுந்து வெயில் ஏறியதும் தீப்பட்டதுபோலக் கருகிவிடுகிறது.

ஆல்பத்தின் கதை வேறு. ரோமானியரின் வெள்ளைப் பலகை 19ஆம் நூற்றாண்டில் புகைப்பட ஏடாக மாறியது. அதில் ஒட்டிய படங்கள் அச்சானது முட்டையின் வெள்ளைக்கருவான ஆல்புமென் பூசிய தாளில், ஆக ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் ஒரே பக்கத்தில். சாமுவேல் போர்ன் 1860களின் இறுதியில் ஊட்டி வட்டாரத்தில் எடுத்த படங்கள் இப்படி அச்சானவை. நீலகிரியின் கமிஷனர் ஜேம்ஸ் பிரீக்ஸ் கல்கத்தா அருங்காட்சியகத்துக்காக மலைக்குடிகளின் பொருட்களைச் சேகரித்து எழுதிய நூலும், வில்லியம் மார்ஷல் தோடர்களைப் பற்றி எழுதிய நூலும் 1873இல் படங்களோடு வந்தன. அக்காலத்து ஈரத் தகட்டு முறைக்கு நிறங்களைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம் இருந்தது. நீல ஒளியை அது மிகையாக வாங்கும், சிவப்பு அதன் கண்ணில் படாது. அதனால் பூத்துக்குளியின் சிவப்புப் பட்டையும் கறுப்புப் பட்டையும் படத்தில் ஒரே கருமையாகிவிடும். வானமோ வெற்றுத் தாளாக வெளுத்துவிடும், தூரத்து மலைமுகடுகளின் நீலமும் அந்த வெளுப்பில் கரைந்து போகும். 1117ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டிலிருந்தே நீலமலை என்று பெயர்பெற்ற இடத்தின் தொடக்ககாலப் படங்களில் நீலம் வெள்ளையாகப் பதிந்திருக்கிறது. இதில் யார்மேலும் குற்றமில்லை, வெள்ளி உப்பின் இயல்பு அது. ஆனால் லண்டனில் அந்த ஏடுகளைப் புரட்டியவர்களுக்குக் கிடைத்தது பின்புலமே இல்லாத மலை, அதன் முன்னே ஒற்றை நிறப் பட்டை போட்ட போர்வையில் நின்ற மனிதர்கள்.

தமிழர் பக்கமிருந்து ஒரு கேள்வி வரும், அதைத் தள்ளிவிட முடியாது. வெள்ளையையும் வெறுமையையும் சேர்ப்பது நம்மிடமும் இருக்கிறதே? வெள், வெள்ளி, வெளிச்சம், வெளுப்பு என்று ஒளியிலும் நிறத்திலும் கிளைத்த குடும்பத்துக்குப் பக்கத்திலேயே 'வெளி' நிற்கிறது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குகிறான் என்றால் ஏமாற்றுகிறான் என்று நமக்கும் புரிகிறது, வெள்ளை மனசு என்றால் சூது எழுதப்படாத மனசு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மேடுகளை நாம் 'புல்வெளி' என்றுதான் சொல்கிறோம். ஆகவே சேர்க்கை ஆங்கிலத்தின் தனிச்சொத்து அல்ல. ஆனால் புல்வெளியில் வெளி என்பது தடையின்றிக் கண் போகும் பரப்பு. அங்கே புல் இருப்பதைச் சொல்லின் முதற்பாதியே ஒப்புக்கொள்கிறது. கிராஸி பிளாங்க்கிலும் புல் இருக்கிறதே என்றால், அது அடைமொழியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பெயர்ச்சொல் வெறுமைதான். தமிழில் நிலத்துக்குக் கேடு செய்த சொல் வெளி அல்ல, தரிசு. அது கச்சேரித் தமிழ். வேஸ்ட் என்ற பத்தித் தலைப்புக்கு நேராக எழுத அது கைகொடுத்தது.

இதே மலையில் வெள்ளையின் திராவிடக் கிளை வேறு வழியில் போயிருக்கிறது. நம் வகரம் கன்னடத்திலும் படக மொழியிலும் பகரமாவதால் வெள்ளி அங்கே 'பெள்ளி'. படகரில் அது ஆண் பெயர். உப்பதலை பெள்ளி கவுடர் மலை ரயில் பாதை வேலைகளில் ஒப்பந்தக்காரராக இருந்தவர். காட்டுநாயக்கரில் பெண்ணுக்கும் அந்தப் பெயர் உண்டு. தெப்பக்காடு முகாமில் பொம்மனோடு யானைக்குட்டிகளை வளர்த்த பெள்ளியை 2023இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் பெயரில் வெள்ளை என்பது மினுக்கம், மதிப்பு. வெறுமை அதன் பக்கத்திலும் வரவில்லை. தோலின் நிறத்தால் மனிதரை வெள்ளையர் என்று பிரிப்பது ஆங்கிலத்திலேயே 17ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது, நம் 'வெள்ளைக்காரன்' அதன் எதிரொலி. எஸ்டேட் தொழிலாளர்கள் அன்றாடம் புழங்கியது நிறத்தைச் சொல்லாத இன்னொரு சொல்லை. துரை என்பது தெலுங்கு, கன்னட வழியில் தலைவன். நிறம் அதில் இல்லாததால்தான், மேனேஜர் கேரளத்திலிருந்தோ குடகிலிருந்தோ வந்தபோதும் பெரிய துரை, சின்ன துரை மாறாமல் நின்றார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று சொல்ல முடிந்தது, துரை போய்விட்டார் என்று எஸ்டேட்டில் சொல்ல முடியவில்லை.

வெற்றுத்தாளை நிரப்பும் ஆசையும் வெள்ளைக்காரனோடு போய்விடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறை புல்மேடுகளில் நட்ட கற்பூர மரமும் சீகையும் வெள்ளைக்காரன் நட்டதற்குக் குறைந்தவை அல்ல. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் வேண்டியிருந்தது, தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தமிழருக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீக்கும் காட்டு நிலத்தைத்தான் எடுத்தார்கள். அந்த நோக்கத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. நாடற்றவர்களாக்கி அனுப்பப்பட்ட மக்களுக்கு வேலையும் கூரையும் எங்காவது கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆனால் 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்கள் புரட்டியது பழைய பட்டியலைத்தான். யாருக்கும் தேவையில்லாதது என்று எழுதப்பட்ட நிலம் அதில் தயாராக இருந்தது. காலனியச் சொல்லைக் காலனியவாதிகள் மட்டுமே பயன்படுத்துவார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு நீலகிரி வசதியான உதாரணம் அல்ல.

இப்போது சீகையையும் கற்பூர மரத்தையும் அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது. வெட்டுவது எளிது. சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடந்து மறுபடி முளைத்துவிடும், முளைப்பதை வருடா வருடம் பிடுங்கவேண்டும். அந்த இடத்தில் எந்தப் புல்லை வைப்பது என்ற கேள்வி அதைவிடக் கடினம். வெறுமை என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்ததில் பல வகைப் புல் இருந்தது. மேட்டில் வளர்வது ஒன்று, ஓடைக்கரைச் சதுப்பில் வளர்வது வேறு. தோடர்கள் தங்கள் கூம்பு வடிவக் கோயிலுக்குக் கூரை வேய எடுக்கும் அவ்ஃபுல் என்ற புல் இந்த மலையின் சதுப்புகளுக்கே உரியது. ஒரு கூரைக்குக் கட்டுக் கட்டாக அது வேண்டும், வேறு புல் ஆகாது. சதுப்பைச் சீகையும் காய்கறித் தோட்டமும் அணைநீரும் பிடித்துக்கொண்டதால், கோயில் வேய வேண்டிய வருடம் வந்தால் ஆண்கள் அந்தப் புல்லைத் தேடி மந்தை விட்டு வெகுதூரம் போகிறார்கள்.